நூற்றிரண்டாம் பாகையில் ஒரு கண்

பகாவில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தினால் உலகத்துக்கு என்ன லாபம்? கேட்டதும் சிரிப்பு வரலாம். நெகிரி செம்பிலானின் ஜெம்போல் மாவட்டத்தில், சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் நிற்கும் சிறு பட்டணம் அது. மாலையானால் மேகம் கூடும். மேகம் கூடாத இரவில் ஈரம் இறங்கி இலை சொட்டும். வானியலாளர்களோ காய்ந்த மலையுச்சியையும் பாலைவனத்தையும் தேடிப் போகிறவர்கள். ஆனாலும் உலகப் படத்தை விரித்து, இரவு வானத்தை விடாமல் பார்க்கும் இடங்களுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். கேள்வி அவ்வளவு வேடிக்கையாகப் படாது.

தமிழ்நாட்டின் காவலூரும் லடாக்கின் ஹான்லேயும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 79 பாகையில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் 149 பாகையில். இடையே 70 பாகை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் அது நாலரை மணி நேரத்துக்கும் மேல். பகாவ் 102 பாகையை ஒட்டி, அந்த இடைவெளிக்குள் விழுகிறது. சைடிங் ஸ்பிரிங்கில் உச்சிக்கு வந்த விண்மீன் மூன்று மணி நேரம் கழித்துப் பகாவில் உச்சிக்கு வரும். அதன்பின் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் காவலூருக்கு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைகூட இல்லாத ஊர் என்பதால் தென்சிலுவையும் எழுமீனும் இரண்டும் தெரியும். இடைவெளி முழுக்க வெறுமையாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தாய்லாந்தின் டோய் இந்தானோன் மலையில் 2013 முதல் 2.4 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. லங்காவியில் மலேசியாவின் தேசிய வானாய்வகம் உண்டு. ஆனால் கண்ணிகள் அகலமான வலை இது. அகலமான கண்ணியில் சின்ன மீன் நழுவிவிடும்.

தொலைநோக்கிகளை வலையாகப் பின்ன வேண்டிய தேவை ஏன் வந்தது? கண்ணாடியை எவ்வளவு பெரிதாக்கினாலும் தீராத தொல்லைகள் சில இருக்கின்றன. பூமி சுழல்வதால் எந்த ஊருக்கும் பகல் வந்தே தீரும். மேகம் எந்த ஊரையும் விட்டுவைக்காது. இன்னொன்று நிழல். ஒரு குறுங்கோள் ஒரு விண்மீனை மறைக்கும்போது அதன் நிழல் பூமியின் மீது சில கிலோமீட்டர் அகலத்தில் ஓடி மறையும். அந்தப் பாதையில் நிற்பவருக்கு மட்டுமே காட்சி. உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கியும் பாதைக்கு வெளியே இருந்தால் அன்றைக்கு அது வெறும் இரும்பு.

இந்தப் பாடத்தை உலகம் கற்ற இடங்களில் ஒன்று புதுச்சேரி. 1761இலும் 1769இலும் வெள்ளி கோள் சூரியனின் முகத்தைக் கடந்தது. பல இடங்களில் நின்று நேரம் குறித்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்பதால் ஐரோப்பிய அரசுகள் உலகெங்கும் ஆளனுப்பின. பிரான்சு அனுப்பிய கியோம் லெ ஜென்டில் 1761இல் புதுச்சேரிக்குப் போய்ச் சேருமுன்பே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடப்பு நாளன்று அவர் நடுக்கடலில் கப்பலில் இருந்தார். ஆடும் தளத்தில் நின்று என்ன அளப்பது? அடுத்த கடப்புக்கு எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். நடுவில் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து 1768இல் புதுச்சேரி வந்து, கோட்டை இடிபாட்டின் மேல் ஆய்வகம் கட்டிக்கொண்டார். 1769 ஜூன் 4ஆம் தேதி காலை மேகம் வந்து சூரியனை மூடியது. அதே காலையில் மணிலாவில் வானம் தெளிவாக இருந்தது.

இந்தக் கதையை ஒரு துரதிர்ஷ்டசாலியின் கதையாகச் சொல்வதே வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆண்டு 70க்கு மேற்பட்ட இடங்களில் ஆட்கள் நின்றார்கள். தாஹித்தியில் கேப்டன் குக் நின்றார். லெ ஜென்டில் தோற்றார், கணக்கு தோற்கவில்லை. ஒருவருக்கு மேகம் வரும் என்று தெரிந்துதான் அத்தனை பேரை நிறுத்தியிருந்தார்கள்.

புதுச்சேரியில் இருந்த காலத்தில் லெ ஜென்டில் இன்னொன்றையும் குறித்து வைத்தார். ஒரு தமிழர் சோழிகளை வைத்துக்கொண்டு, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்ததை அவர் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதிக் கிரகணத்தின் கால அளவில் அந்தக் கணக்கு 41 விநாடிதான் குறைந்தது. அன்று ஐரோப்பாவில் பேர்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடிப்போனது. 1825இல் ஆங்கிலேயரிடம் பணியாற்றிய ஜான் வாரன் என்ற அதிகாரியும் புதுச்சேரியிலேயே சோழிக் கணக்கைக் கண்டு எழுதினார். நம்மவர் பெருமை பேச இதை எடுக்கவில்லை. வாய்பாடு இருந்தது, கூர்மை இருந்தது. ஒரு ஊரின் கணக்கை இன்னொரு ஊரின் கண்ணோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. கணக்கும் கண்ணும் சேர வேண்டுமானால் நடுவில் ஒரு தபால் ஓட வேண்டும்.

அந்தத் தபாலை நிரந்தரமாக ஓடவிட்டவர்களில் முக்கியமானவர்கள் 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தினர். ஹார்வர்டு வானாய்வகத்தின் எட்வர்ட் பிக்கரிங் தூண்ட, வில்லியம் டைலர் ஆல்காட் என்ற வழக்கறிஞர் அதைத் தொடங்கினார். வேலை எளியது. ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைப் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டு, நேரம் குறித்து அனுப்புவது. பட்டம் தேவையில்லை. விடாப்பிடி தேவை.

வங்காளத்தின் ஜெஸ்ஸோர் பக்கத்துக் கிராமத்தில் ராதாகோவிந்த சந்திரா என்று ஒருவர் இருந்தார். பள்ளி இறுதித் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, அரசாங்கக் கருவூலத்தில் சின்ன உத்தியோகம் பார்த்தவர். சொந்தக் காசில் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தருவித்துக்கொண்டார். 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில் திடீரென வெடித்தெழுந்த நோவாவைத் தானாகவே கண்டு ஹார்வர்டுக்கு எழுதினார். அதன்பின் சங்கத்தில் சேர்ந்து 1954 வரை 37,000க்கும் அதிகமான மதிப்பீடுகளை அனுப்பினார். 1926இல் சங்கம் அவருக்கு ஆறு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தொலைநோக்கி ஒன்றைக் கடல்கடந்து அனுப்பிவைத்தது. முகம் பார்க்காத ஒரு குமாஸ்தாவுக்கு! முதுமையில் அவர் அதை விட்டுக்கொடுக்க, அது வானியலாளர் வேணு பாப்புவிடம் போய், கடைசியில் காவலூர் வந்து சேர்ந்தது. சமூக வலையமைப்பு என்று இப்போது பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அதன் முழு வடிவம் இந்த ஒரு குழாயின் பயணத்தில் இருக்கிறது. வைத்திருப்பவர் பயன்படுத்தாதபோது, பயன்படுத்துகிறவரிடம் கருவி போய்விடும்.

காவலூருக்கு வந்துவிட்டதால், அங்கே 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு நடந்ததைச் சொல்லாமல் நகர முடியாது. அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னால் வர இருந்தது. ஜவ்வாது மலையின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோளின் விளிம்பிலிருந்து தள்ளியே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கித் திரும்பியது. ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது. யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று அவர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் தெற்கே, கைப்பர் வானாய்வகம் என்ற விமானத்தில் பறந்துகொண்டே ஜேம்ஸ் எலியட்டின் குழு பார்த்தது. கோளுக்கு முன்னால் பல மங்கல்கள், கோளைத் தாண்டியபின் அதே அளவு தூரத்தில் அதே மங்கல்கள். துணைக்கோள் இப்படி இரண்டு பக்கமும் வராது. வளையம்தான் வரும். பெர்த் நகரத்துப் பதிவும் காவலூர்ப் பதிவும் அதோடு பொருந்தின.

காவலூர்க்காரர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கையிலிருந்த ஒரு கோட்டுப் படத்திலிருந்து துணைக்கோள் என்று ஊகிப்பது நியாயம்தான். ஒரு கண்ணுக்குத் துணைக்கோளாகத் தெரிந்தது, பல கண்களைச் சேர்த்து வைத்ததும் வளையமாயிற்று. வலையமைப்பின் தேவைக்கு நான் பார்த்தவற்றில் இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அதில் ஒரு கண் தமிழ்நாட்டு மலையில் இருந்தது.

பிறகு வந்தவை இயந்திர வலைகள். 1986இல் டெக்சாஸில் எட் நேதரும் டான் விங்கெட்டும் ‘முழு பூமித் தொலைநோக்கி’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பெயர் பிரமாண்டம். நடந்தது இதுதான்: பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே விண்மீனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தன. 1989 மார்ச்சில் ஒரு வெண்குறு விண்மீனை 264 மணி நேரம் பார்த்து, அதில் 100க்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பிரித்தெடுத்தார்கள். காவலூரும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. 1995 முதல் சூரியனுக்கும் அப்படி ஒரு வலை உண்டு. உதய்ப்பூர், மேற்கு ஆஸ்திரேலியாவின் லியர்மன்த் உட்பட ஆறு இடங்களில் ஒரே மாதிரிக் கருவிகள், சூரியன் எங்கும் அஸ்தமிக்காதபடி. கூகுளில் பொறியியல் துணைத்தலைவராக இருந்த வெய்ன் ரோசிங் 2005இல் தொடங்கிய லாஸ் கும்ப்ரெஸ் வலையில் மனிதன் தொலைநோக்கியைத் தொடுவதே இல்லை. எந்த இடத்தில் வானம் தெளிவு என்று பார்த்து மென்பொருளே வேலையைப் பங்கிடுகிறது. 2018இல் ஹான்லேயில் வந்த 70 சென்டிமீட்டர் ரோபோத் தொலைநோக்கி, திடீரென வெடித்து மறைபவற்றைத் துரத்தும் பன்னாட்டுச் சங்கிலியில் இந்தியாவின் பங்கு. தாய்லாந்து தன் சிறு தொலைநோக்கிகளைச் சிலி, கலிபோர்னியா, ஆஸ்திரேலியா, சீனா என்று வெளிநாட்டு மலைகளில் கொண்டுபோய் வைத்து இணையத்தால் ஓட்டுகிறது. தன் நாட்டு மழைக்கு அது கண்டுபிடித்த விடை அது.

இப்போது நேராகப் பேசலாம். இப்படிப்பட்ட ரோபோ வலை எதுவும் பகாவுக்கு வராது. வரவும் வேண்டாம். ஆண்டில் பாதிக்கு மேல் மேகம் என்றால், லட்சக்கணக்கில் விலை போன கருவி சும்மா உட்கார்ந்திருக்கும். ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை படரும். படமெடுக்கும் நண்பர்கள் லென்ஸை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் பூட்டி வைப்பது இதற்குத்தான். பக்கத்து ஜெலுபு நாட்டிலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று என்று பெயரெடுத்த மாவட்டம், அதனால் நிலைமை கொஞ்சம் தேவலை எனலாம். ஆனால் 2015, 2019 போன்ற ஆண்டுகளில் சுமத்திராவிலிருந்து வந்த புகைமூட்டம் மழை இல்லாத மாதங்களையும் தின்றுவிட்டது. உலகத்தரம், உலக வரைபடத்தில் பகாவ் என்றெல்லாம் மேடையில் பேசுவது சுலபம். அதை நம்பிப் பணம் போட்டால் நான்கு வருடத்தில் துருப்பிடித்த குவிமாடம்தான் மிஞ்சும்.

ஆனால் நிழல் விஷயத்தில் கதை வேறு. நிழலுக்குப் பாலைவனமும் தெரியாது, மலையும் தெரியாது. அது போகிற வழியில் போகும். 2017 ஜூலை 17ஆம் தேதி, பின்னால் அரோகோத் என்று பெயர் பெற்ற தொலைதூரச் சிறு பொருளின் நிழல் அர்ஜென்டினாவின் படகோனியாவைத் தொட்டது. நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை நெருங்குமுன் அதன் அளவும் வடிவமும் தெரிந்தாக வேண்டும். பாதைக்குக் குறுக்கே 24 சிறு தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். கொமொதோரோ ரிவதாவியா நகரத்தார் தெருவிளக்குகளை அணைத்தார்கள், நெடுஞ்சாலையை மூடினார்கள், காற்றைத் தடுக்க லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐந்து குழுக்களுக்கு மட்டும் விண்மீன் ஒரு கணம் அணைந்தது. அது போதுமானதாக இருந்தது. 2022 செப்டம்பரில் டார்ட் விண்கலம் டைமார்பஸ் என்ற சிறு குறுங்கோளில் மோதியபோது, மோதிய நொடியின் பளிச்சென்ற எழுச்சியைப் பதிந்தவர்களில் ரியூனியன் தீவிலும் கென்யாவிலும் வீட்டுத் தொலைநோக்கி வைத்திருந்த நான்கு பொழுதுபோக்கு நோக்கர்கள் உண்டு. அவர்கள் இருந்த தீர்க்கரேகையில் அப்போது இரவு. அதுதான் அவர்களுடைய தகுதி.

பகாவுக்குப் பொருந்தும் வேலை இந்த வகைதான். இருபது சென்டிமீட்டர் தொலைநோக்கி, ஒரு சிஎம்ஓஎஸ் கேமரா, ஜிபிஎஸ் நேரம், தள்ளித் திறக்கும் கூரை போட்ட ஒரு கொட்டகை. மொத்தச் செலவு ஒரு மோட்டார் சைக்கிள் விலையைத் தாண்டினாலும் கார் விலையைத் தொடாது. எதில் மிச்சம் பிடித்தாலும் நேரத்தில் பிடிக்கக் கூடாது. மறைப்பு எத்தனை மணிக்கு என்பதை நொடியின் சிறு பங்குவரை சொல்லத் தெரியாத பதிவை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கும் வசதியில்லையென்றால், 2018இல் தொடங்கிய உலக எரிவிண்மீன் வலை இருக்கிறது. கைப்பிடியில் அடங்கும் ஒரு ராஸ்ப்பெரி பை கணினியும் கண்காணிப்புக் கேமராவும் போதும், இரவு முழுக்க அது தானே பார்க்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 2006 முதல் நடக்கும் குறுங்கோள் தேடல் திட்டம் உண்டு. ஹவாயில் எடுத்த படங்களைக் கணினியில் அடுத்தடுத்து ஓடவிட்டு நகரும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். மழை பெய்தாலும் நடக்கும் வானியல் அது. 1988இல் காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டெடுத்து ‘ராமானுஜன்’ என்று பெயர் பெற்ற 4130ஆம் எண் குறுங்கோளும் இப்படித்தான் படத்தில் நகர்ந்த ஒரு புள்ளி.

வலைக்கு ஒழுங்கு முக்கியம். அந்த ஒழுங்கை மலேசியர்களுக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரமலான் பிறையைப் பார்க்கும் மாலையில் நாடெங்கும் 20க்கு மேற்பட்ட இடங்களில், இதே மாநிலத்தின் போர்ட்டிக்சன் பக்கம் தெலுக் கெமாங் உட்பட, ஒரே நேரத்தில் ஆட்கள் மேற்கே பார்த்து நிற்கிறார்கள். ஓரிடத்தில் மேகமென்றால் இன்னோரிடம். எதைப் பிறை என்று ஒத்துக்கொள்வது என்பதற்கு முன்கூட்டியே வகுத்த அளவுகோல். எல்லாத் தகவலும் ஓரிடத்துக்குப் போய், ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் ஒரு முறை அறிவிப்பார். மதக் கடமைக்காக ஏற்பட்டதுதான், ஆனால் அமைப்பாகப் பார்த்தால் வானியலாளர்கள் கனவு காணும் வலை அது. நாட்டின் விண்வெளித் துறையை எழுப்பி, கோலாலம்பூர் கோளரங்கத்தையும் உருவாக்கிய மஸ்லான் ஒத்மான் சிரம்பானில் பிறந்தவர் என்பதும் நெகிரிக்காரர்கள் நினைவில் வைக்கத்தக்கது.

தோட்டத்து மனிதர்களுக்கு வானம் அன்னியமும் அல்ல. பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்றவர்கள். வெயில் ஏறுமுன் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு நிரைக்குள் போனவர்கள். விடிவெள்ளி எந்தப் பக்கம், எந்த மாதம் என்று அவர்களுக்குக் கடிகாரம் பார்த்தா தெரியும்? 1965 அக்டோபரில் இக்கேயா-செக்கி வால்நட்சத்திரம் விடியலுக்கு முன்னே கிழக்கே நீண்டு நின்றபோது, இந்தப் பக்கம் அந்நேரம் விழித்திருந்தவர்களில் பெரும் கூட்டம் தோட்டத் தொழிலாளர்களாகத்தான் இருந்திருக்கும். பார்த்தார்கள். எழுதி வைக்க யாரும் கேட்கவில்லை. சந்திராவிடம் இருந்ததும் நம்மவரிடம் இல்லாததும் கண் அல்ல, அஞ்சல் முகவரி.

2019 டிசம்பர் 26ஆம் தேதி கங்கண சூரிய கிரகணத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் கோயம்புத்தூர், கரூர், திருச்சி, திண்டுக்கல். அதன்பின் யாழ்ப்பாணமும் திருகோணமலையும். கடல் தாண்டி சுமத்திரா, பிற்பகலில் ஜொகூரின் தென்முனை, சிங்கப்பூர். தமிழர்கள் கப்பலேறி வந்த வழியை ஒரே நாளில் ஒரு நிழல் வரைந்துவிட்டுப் போனது. பகாவில் வளையம் தெரியவில்லை, சூரியன் பெரும்பகுதி மறைந்தது. கையில் கடிகாரமும் ஒப்புக்கொண்ட ஒரு படிவமும் இருந்திருந்தால் திருச்சிப் பள்ளியும் பகாவ்ப் பள்ளியும் ஒரே நிழலின் வேகத்தைத் தாங்களே கணக்கிட்டிருக்கலாம். தமிழில் இப்படி ஒரு வலை வேண்டும் என்று நான் கருதுவதற்கு மொழிப்பற்று முதல் காரணம் அல்ல. அந்தத் தீர்க்கரேகைகளில் ஏற்கனவே நம் ஆட்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

பெரிய சிக்கல் கண்ணாடியில் இல்லை, ஆளில் இருக்கிறது. சந்திரா முப்பத்தைந்து ஆண்டுகள் பார்த்தார். தோட்டங்களில் அப்படி யார் இருப்பார்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் போனார்கள், பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பறை பெரிதாகவும் வகுப்பு சிறிதாகவும் இருக்கிறது. கருவியைப் பள்ளிக்குக் கொடுத்தால், ஆர்வமுள்ள ஆசிரியருக்கு மாற்றலானதும் அது ஸ்டோர் அறைக்குப் போகும். ஒரு கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ எடுத்துக்கொண்டால் ஒருவேளை நிற்கும், ஏனென்றால் மாற்றலாகாத ஆட்கள் அங்கே உண்டு. நிதி கேட்கும் மனுவில் முதலில் எழுத வேண்டியது கண்ணாடியின் விட்டம் அல்ல, அடுத்த பத்து ஆண்டுக்குச் சாவி யாரிடம் என்பதுதான்.

பகாவுக்குப் பக்கத்தில் ஜாலான் பெனாரிக்கான் என்று பழைய வழி ஒன்று உண்டு. மேற்கே மூவார் ஆற்றில் சேரும் ஜெம்போல் ஆற்றையும் கிழக்கே பகாங் ஆற்றுக்குப் போகும் செர்த்திங் ஆற்றையும் பிரித்த குறுகிய நிலத்தில், படகுகளைத் தரையில் இழுத்துக் கொண்டுபோன இடம். இரண்டு கடலுக்கும் நடுவே சரக்கைக் கைமாற்றிவிட்ட ஊர் அது. சைடிங் ஸ்பிரிங்குக்கும் காவலூருக்கும் நடுவே ஒரு விண்மீனைக் கைமாற்றுவதும் ஏறக்குறைய அதே வேலை.

தொடங்குகிறவர்களுக்குப் பதிவேடு பற்றி ஒரே ஒரு குறிப்பு. படகோனியாவில் எதையும் காணாத பத்தொன்பது குழுக்களின் பதிவுகளும் கணக்கில் சேர்ந்தன. நிழல் எதுவரை வந்தது என்ற எல்லையைச் சொன்னவர்கள் அவர்கள்தான். ஆகவே பதிவேட்டில் ‘மேகம்’ என்பதற்கு ஒரு பத்தியும் ‘வானம் தெளிவு, விண்மீன் மறையவில்லை’ என்பதற்குத் தனியாக இன்னொரு பத்தியும் போட வேண்டும். பகாவில் முதல் பத்திதான் சீக்கிரம் நிரம்பும். இரண்டாவதில் வரும் ஒவ்வொரு வரிக்கும் கீழே நேரமும் பார்த்தவர் பெயரும் எழுதி, அன்றிரவே அனுப்பிவிட வேண்டும்.